‘லீகலி’யா, ‘லாஃபுல்லி’யா?

கேள்வி: இரண்டு சொல்லுக்கும் அகராதியில் ‘சட்டப்படி’ என்றே இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது எதைப் போடுவது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பல இடங்களில் எதைப் போட்டாலும் தவறில்லை. ‘லீகலி மேரீட்’, ‘லாஃபுல்லி மேரீட்’ இரண்டும் சரியே. அன்றாட எழுத்தில் முதலாவதுதான் அதிகம். இரண்டாவதைச் சட்டப் பிரிவுகளிலும் ஒப்பந்தங்களிலும் மிகுதியாகப் பார்க்கலாம்.

ஒருவர் செய்த செயலைச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதே பேச்சானால் ‘லாஃபுல்லி’ பொருந்தும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவு (இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 329) அத்துமீறி நுழைவதைப் பற்றியது. ‘லாஃபுல்லி’ உள்ளே வந்தவர் ‘அன்லாஃபுல்லி’ அங்கேயே தங்குவதும் அதில் அடங்கும். அழைத்ததால் வந்தவர், போகச் சொன்ன பிறகும் வீட்டுக்காரரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு போகாமல் இருந்தால் குற்றம். நோக்கம் இல்லையேல் இந்தப் பிரிவு பொருந்தாது.

ஒன்றின் நிலையைச் சட்டம் எப்படிக் கணக்கிடுகிறது என்று சொல்ல வந்தால் ‘லீகலி’தான். ‘லீகலி பைண்டிங்’ என்பதில் மற்றதைப் போட்டால் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாது. ‘லீகலி பிளைண்ட்’ என்பதும் அப்படியே. அமெரிக்க வரையறையில் இது முழு இருட்டு அல்ல: இரண்டில் நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 20/200 அல்லது அதைவிடக் குறைவு. அதாவது, மற்றவர் 200 அடியில் காண்பதை இவர் 20 அடிக்குள் வந்தால்தான் காண முடியும். பார்வைப் பரப்பு 20 பாகை அல்லது அதற்குள் சுருங்கியிருந்தாலும் இதில் சேரும். தமிழில் ‘சட்ட வரையறையின்படி பார்வையற்றவர்’ என்று எழுதுங்கள்; வெறும் ‘சட்டப்படி’ இங்கே பொருள் தராது.

இடத்தையும் கவனியுங்கள். ‘லீகலி’யை வாக்கியத்தின் தலையில் வைத்துக் காற்புள்ளி இட்டு ‘ஹி இஸ் தி ஓனர்’ என்று தொடர்ந்தால், ‘சட்டத்தைப் பொறுத்தவரை அவர்தான் உரிமையாளர், நடைமுறை வேறாக இருக்கலாம்’ என்ற சந்தேகம் தொனிக்கும். சொத்து விவகாரக் கடிதத்தில் இது வம்பை வளர்க்கும். ‘லீகல் ஓனர்’ என்று நேராக எழுதிவிடுவது மேல்.

கேள்வி: திருமண உறுதிமொழியில் வருவது ‘லாஃபுல்’ஆ, ‘லாஃபுல்லி’யா? (வாசகி, கோவை)

பதில்: இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தரும் வாசகத்தில் ‘மை லாஃபுல் வெடட் வைஃப்’ என்றே உள்ளது. ‘லாஃபுல்லி வெடட்’ என்பதும் பெருவழக்கு, இலக்கணத்திலும் பிழையில்லை.