சோசலிசத்தின் பிள்ளையா பாசிசம்?

இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினி முன்னாள் சோசலிஸ்ட், ஹிட்லரின் நாஜிக் கட்சியின் பெயரிலேயே சோசலிசம் உண்டு, ஆகவே சோசலிசமும் பாசிசமும் ஒரே கொள்கைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில்.

சோசலிஸ்ட் கட்சியின் 'அவந்தி' நாளிதழுக்கு முசோலினி ஆசிரியராக இருந்தது உண்மை. ஆனால் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்க வேண்டும் என்று அவர் வாதிடத் தொடங்கியதும், 1914 நவம்பரில் கட்சி அவரை வெளியேற்றியது. வர்க்கம் இருந்த இடத்தில் அவர் தேசத்தை வைத்தார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே உடலின் உறுப்புகள் என்ற அந்தக் கோட்பாடு, 1926-இல் வேலைநிறுத்தத்தையே சட்டவிரோதமாக்கியது. ஜெர்மனியிலோ, 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தவர்கள் சோசலிஸ்டுகளான சமூக ஜனநாயகக் கட்சியினர் மட்டுமே. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தனர். அதே ஆண்டு மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன.

தேசியத்தின் முன் சோசலிஸ்டுகள் தடுமாறியதையும் மறைக்கக் கூடாது. 1914 ஆகஸ்ட் 4 அன்று முதல் உலகப் போரின் செலவுக்கு அரசு கடன் வாங்க நாடாளுமன்றத்தில் கைதூக்கியது இதே சமூக ஜனநாயகக் கட்சிதான். எனினும், அந்நிய ஆட்சியை எதிர்த்து கம்யூனிஸ்டுகள் தலைமையில் எழுந்த வியட்நாமியத் தேசியத்தை இந்தப் போர்வெறித் தேசியத்தோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

கடந்தகால ஏக்கம் இரு தரப்பிலும் உண்டு, ஆனால் ஏங்கும் பொருள் வேறு. பாசிசம் ரோமப் பேரரசின் மகிமையை மீட்பதாகச் சொல்லி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. சோசலிச நாடாக இருந்த பழைய கிழக்கு ஜெர்மனியை நினைத்து ஏங்குபவர்களில் பலர் தேடுவது, நிச்சயமான வேலையையும் குழந்தைகள் காப்பகத்தையும்தான். அந்த ஏக்கம் நியாயமானது, அதற்காக அங்கிருந்த ரகசியக் காவல்துறையை மறந்துவிட முடியாது.