முளைப்பயறும் சுவாசமானியும்: வந்த கேள்விகள்

(சுவாசமானி: வித்து போட்டு மூடிய குடுவை, அதில் பொருத்திய மெல்லிய குழாயில் நிறநீர். வித்து ஒட்சிசனை இழுத்து உள்ளே வளி குறைந்தால் நீர் உள்ளே நகரும்.)

பயறு போட்டேன், நிறநீர் அசையவேயில்லை. வித்து செத்துவிட்டதா? (மல்லாவி)

காபனீரொட்சைட்டை உறிஞ்சும் காரமான பொற்றாசியம் ஐதரொட்சைட்டு வைத்தீர்களா என்று எழுதவில்லை. வைத்திருக்க மாட்டீர்கள். பயறு எரிப்பது பெரும்பாலும் மாப்பொருளை. உள்ளே போகும் ஒட்சிசனுக்குக் கிட்டத்தட்டச் சமனாகக் காபனீரொட்சைட்டு வெளியே வரும். அதை உறிஞ்ச ஒன்றுமில்லாவிட்டால் நீர் ஏன் நகரப்போகிறது? காரம் வித்தில் படாமல் இடையில் வலை வையுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா? (ஒட்டுசுட்டான்)

உறிஞ்சும், ஆனால் மேலே காபனேற்று படிந்து மந்தமாகிவிடும். அளவெடுக்க வேண்டாம். கரைத்துத் தெளிந்த நீரைப் பால்நிறமாக்கிக் காட்ட நல்லது.

காலையில் உள்ளே வந்த நீர், பத்து மணிக்குப் பிறகு வெளியே தள்ளுப்படுகிறது. பயறு ஒட்சிசன் விடுகிறதா? (விசுவமடு)

இருட்டில் முளைக்கும் பயறு ஒட்சிசன் விடாது. ஆய்வுகூடத்துக்குத் தகரக் கூரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகென்ன? ஒரு பாகை சூடு ஏறினால் வளியின் கனவளவு முந்நூறில் ஒரு பங்கு கூடும். 100 மில்லிலீற்றர் குடுவையில் அது 0.3 மில்லிலீற்றர். ஐந்து கிராம் பயறு பத்து நிமிடத்தில் இழுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். வன்னி வெயிலில் தகரத்தின் கீழ் ஒரு பாகையோடு நிற்குமா? நீங்கள் அளந்தது கூரையின் சூடு.

ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்: கட்டுப்பாடு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள வித்தில்லாத இன்னொரு குடுவை, வையுங்கள். பயற்றின் அதே கனவளவுக்குக் கண்ணாடி மணிகள், அதே அளவு காரம், இரண்டு குடுவையும் ஒரே வாளித் தண்ணீரில் கழுத்தளவுக்கு. பத்து நிமிடம் விட்டுப் பிறகு வாசியுங்கள். மணிக் குடுவையில் நீர் நகர்ந்ததைக் கணக்கில் திருத்துங்கள். குடுவையைக் கையில் பிடித்தபடி வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள்; உங்கள் உடம்பு 37 பாகை ஐயா! "கட்டுப்பாட்டுக்கு நேரமில்லை சேர்" என்றும் கடிதம் வருகிறது. அப்படியானால் பயற்றை அவித்துச் சாப்பிடுங்கள், பயனாவது உண்டு.

சுவாசத்தில் சூடு வருவதைக் காட்டும் சோதனையில், ஒப்பிடுவதற்காகச் சுடுதண்ணீர்ப் போத்தலில் வைத்த அவித்த பயறும் மூன்றாம் நாள் சூடாகிறதே? (நெடுங்கேணி)

பழுதாகிவிட்டது. சுவாசிப்பது பங்கசும் பற்றீரியாவும். அவித்தது, உயிருள்ளது இரண்டையும் ஐதான வெளிற்றும் தூள் கரைசலில் கழுவிப் போடுங்கள்.

பயற்றுக்குப் பதில் கச்சான் போடலாமா? (புதுக்குடியிருப்பு)

தாராளமாக. எண்ணெய் வித்து, சுவாச ஈவு (வெளிவரும் காபனீரொட்சைட்டை உள்ளே போகும் ஒட்சிசனால் வகுத்தது) 0.7 அளவில் வரும். அதனால் காரம் இல்லாமலே நீர் கொஞ்சம் உள்ளே வரும். கட்டுப்பாடு இதற்கும் வேண்டும். வறுத்த கச்சானைப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம்.