சீதனம் வாங்கிய மகளுக்கு அப்பாவின் வளவில் பங்கு உண்டா?

தங்கச்சி, 'சீதனம் வாங்கியாச்சு, தேசவழமைப்படி களுவாஞ்சிகுடி வளவில் உனக்குப் பங்கில்லை' என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது. அப்பா வடமாகாணத்தார் இல்லையென்றால் அந்தப் பேச்சே இல்லை. மட்டக்களப்பில் நமக்கென்று இருந்த முக்குவர் வழமையும் 1876 கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டது. இப்போது பொதுச் சட்டம்தான்.

அப்பா மரணசாசனம் எழுதாததால், அவர் பெயரில் உறுதி (காணிப் பத்திரம்) உள்ள வளவில் அம்மாவுக்குப் பாதி. மற்றப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒன்று. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

ஆனால் அப்பா சீதனமாகத் தந்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்கச் சொல்லி அண்ணன் கேட்கலாம். அப்பா அதை விலக்கியிருந்தால் மட்டும் முடியாது. அதனால் சீதன உறுதியை எடுத்து, கொடுத்தவர் யார் என்று பாருங்கள். எங்கள் பக்கம் தாயின் வீடுதானே பெரும்பாலும் மகளுக்குப் போகும். என் மனைவியின் உறுதியில் மாமியின் பெயர் மட்டுமே இருந்தது. உங்களுடையதும் அப்படியென்றால் அப்பாவின் கணக்கில் அது வராது.

வயல் வேறு கதை. அது அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேமிட் காணி என்றால் இப்படிப் பங்கு பிரியாது. தனக்குப் பிறகு காணி சேரவேண்டிய பின்னுரித்தாளராக அப்பா யாரைப் பதிந்திருக்கிறார் என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள். யாரையும் பதியாவிட்டாலும் அம்மாவுக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு.

அதுவரை அண்ணன் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுங்கள், மறுகா ஒரு சட்டத்தரணியிடம் போகலாம்.