அண்ணன் தம்பிக்கு 30, கம்பெனிக்கு 22

கேள்வி: அண்ணா, நாங்க அண்ணன் தம்பி மூணு பேர் சேர்ந்து சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி ஓட்டுறோம், பார்ட்னர்ஷிப்தான். ஆடிட்டர் 30 பர்சன்ட் டாக்ஸ்ங்கறாரு, பெரிய கம்பெனிக்கே 22தான்னு பையன் சண்டைக்கு வர்றான். யாரு சொல்றது சரி?
- ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: ரெண்டு பேரும் சரிதாங்க, அதுதான் கூத்தே. 2019 செப்டம்பர் 20ல நிர்மலா சீதாராமன் பெரிய கம்பெனிகளுக்கு வரிய 30ல இருந்து 22க்கு இறக்குனாங்க, வேற சலுகை கேக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன். புதுசா ஃபேக்டரி போடுற கம்பெனிக்கு 15 (2024 மார்ச்சுக்குள்ள உற்பத்தி ஆரம்பிச்சிருந்தா). பார்ட்னர்ஷிப் பக்கம் யாரும் திரும்பியே பாக்கல. 10 லட்சம் லாபம்னு வைங்க, செஸ்ஸோட (வரி மேல போடுற கூடுதல் வரி) நீங்க கட்டுறது 3,12,000, சர்சார்ஜ் செஸ் எல்லாம் போட்டும் கம்பெனி கட்டுறது 2,51,680, அந்த புது ஃபேக்டரிக்காரர் 1,71,600. கிழங்கு அதே கிழங்கு, ஜவ்வரிசியும் அதே ஜவ்வரிசி!

இதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு அரசாங்கமே அன்னைக்கு சொல்லுச்சு. 2018-19ல 6.63 லட்சம் கோடி வந்த கம்பெனி வரி அடுத்த வருஷம் 5.56 ஆச்சு, தொழில் மந்தமும் ஒரு காரணம்தான், இல்லைங்கல.

அதுக்காக நாளைக்கே கம்பெனியா மாத்திராதீங்க. சின்ன கம்பெனிக்கும் 22 உண்டு, ஆனா பார்ட்னர்ஷிப்ல வரி கட்டின லாபத்த பங்கு பிரிச்சா மறுபடி வரி இல்ல, கம்பெனில டிவிடெண்டா எடுத்தா உங்க கையில இன்னொரு தடவ வரி. ரெண்டு விதமாவும் கணக்கு போட்டு குடுங்கன்னு ஆடிட்டர்கிட்டயே கேளுங்க.

கேள்வி: தறிக்கு கரண்டு குடுத்தா இலவசம்ங்கறாங்க, கம்பெனிக்கு குடுத்தா அதுக்கு என்னங்க பேரு?
- ஒரு தறிக்காரர், இளம்பிள்ளை

பதில்: ஊக்கத்தொகைங்க. கொஞ்சம் பெரிய ஆளா இருந்தா 'ஸ்ட்ரக்சர்டு பேக்கேஜ்', அதாவது பல சலுகை சேர்ந்த மூட்டை. உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட்டா இருந்தது 2023 மார்ச்ல 1000 ஆச்சு, அதுக்கே ஊர் பூரா பேச்சு. கம்பெனிகளுக்கு உற்பத்திய வச்சு ஊக்கத்தொகை தர்ற மத்திய அரசோட பிஎல்ஐ திட்டத்துல 14 துறைக்கு ஒதுக்குனது 1.97 லட்சம் கோடி. அதுல ஒரு நியாயம் இருக்கு, சரக்கு பண்ணி வித்துக் காட்டுனாத்தான் காசு. மாநிலங்கள் போட்டி போட்டு குடுக்கறதுலதான் எனக்கு உறுத்தல். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவ நினைச்சுப் பாருங்க, நிலம் குடுத்து, கட்டுன வாட் வரியயும் திருப்பிக் குடுத்து கூட்டிட்டு வந்தோம், 2006ல ஓட ஆரம்பிச்ச ஃபேக்டரி 2014 நவம்பர்ல மூடிருச்சு. உங்க யூனிட் கணக்கு உங்க கரண்டு பில்லுலயே இருக்கு. கம்பெனிக்காரங்க பக்கம் எம்ஓயூங்கற ஒப்பந்தத்துல கையெழுத்து போடுற போட்டோதான் பேப்பர்ல வருது, எத்தன வருஷத்துக்கு எவ்ளோ விட்டுக் குடுத்தாங்கங்கறது போட்டோல தெரியாதுல்ல.

கேள்வி: ஏற்காடு பெரிய எஸ்டேட்டுக்கெல்லாம் விவசாயம்னு சொல்லி வருமான வரியே கிடையாதாமே?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பாதி உண்மைம்மா. காப்பிய வெளைச்சு கியூரிங் (காய வச்ச கொட்டையோட தோல நீக்கி தரம் பிரிக்கிறது) பண்ணாம வித்தா முழுசும் விவசாய வருமானம். கியூரிங் பண்ணி வித்தா வருமானத்துல 25 சதவீதத்துக்கு வரி உண்டு, வறுத்து அரைச்சு தூளா வித்தா 40 சதவீதத்துக்கு. ரெண்டு ஏக்கர்காரருக்கும் கம்பெனி எஸ்டேட்டுக்கும் இதே ரூல்தான்.