வீட்டுமனையை விற்க வேண்டாம், அம்மா

சென்ற ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் வந்தீர்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் அண்ணன் சொல்கிறபடி, தனியார் பல்கலைக்கழகத்தில் பணம் கட்டி, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். அதற்காக வீட்டுமனையை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது என்றும் சொன்னீர்கள். அன்று உங்கள் முகத்தைப் பார்த்து, "யோசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. விற்காதீர்கள்.

உங்கள் மகள் அன்று இரண்டே முறைதான் வாய் திறந்தாள். இரண்டு முறையும் கணக்கைப் பற்றி. நிகழ்தகவுக் கணக்கொன்றைப் புத்தகத்தில் இல்லாத வழியில் போட்டுப் பார்த்ததாகச் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. பொறியியல் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் தலை குனிந்திருந்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

உங்கள் ஊரிலேயே அரசு திருமகள் மில்ஸ் கல்லூரி இருக்கிறது. பி.எஸ்சி. கணிதத்தில் சேருங்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம். தறி வருமானத்துக்குள் கட்டணம் அடங்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

"ஆர்ட்ஸ் காலேஜா?" என்று உறவினர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பெரிய பேராசிரியர்களின் பாடம் பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே என்ற காலத்திலேயே அவர்கள் நின்றுவிட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்போவதாக 2001-லேயே அறிவித்தது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. அதில் சேரக் கட்டணமே கிடையாது.

அதை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். 4, 8, 12 வாரப் பாடங்கள் உண்டு. வாரந்தோறும் காணொளிகளும் ஒரு பயிற்சித்தாளும் வரும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பயிற்சித்தாள்களுக்கு 25, தேர்வுக்கு 75. சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தான் நிரலாக்கம் கற்பிக்கும் 8 வாரப் பாடம் ஒன்று உண்டு. கணக்கில் பிடிப்புள்ள பிள்ளைக்கு நல்ல தொடக்கம். ஆங்கிலம் தடுக்குமே என்று பயப்படாதீர்கள். பல பாடங்களுக்கு உரை வடிவம் தமிழிலேயே கிடைக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, காணொளியை வேகம் குறைத்துக் கேட்கட்டும். முதல் மாதம் திணறுவாள். பிறகு காது பழகிவிடும். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் போதும். நான்கைந்தில் பெயரைப் பதிந்துவிட்டு நடுவில் விட்டுவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். கூடப் படிக்க வகுப்புத் தோழி ஒருத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தச் சான்றிதழ் பட்டமாகிவிடாது, அதற்குத்தான் கல்லூரி.

மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதட்டும். கணிதத்துக்கும் கணிதப் புள்ளியியலுக்கும் அதில் தனித்தனித் தாள்கள் உண்டு. தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம். எளிய தேர்வு அல்ல, ஆனால் மூன்று ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

வளாகத்துக்கு நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்குமா என்று உங்கள் அண்ணன் கேட்பார். தனியார் பல்கலைக்கழகத்துக்கு வருகிற அளவுக்கு இங்கே வராது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அங்கே இடம் வாங்கினால் வேலை உறுதி என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மனை போனது போனதுதான். உங்களுக்குப் பின்னால் ஒரு மகனும் படிக்கக் காத்திருக்கிறான்.

ஒரு செலவை மட்டும் தட்டாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி அப்பாவோடு போய்விடுகிறது என்றாள். பழையதானாலும் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். இரவு இரண்டு மணி நேரம் அவளை வீட்டு வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

அண்ணனிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவருடைய எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். மனைக்கு முன்பணம் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.