காணி என் பெயரில், சம்மதம் அவருடைய கையில்

வளர்ந்துவரும் நாடுகளில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு மூலதனம் இல்லாமைதானே பெரிய தடை, அதைத் தாண்டினால் வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் யாழ்ப்பாணத்திலுள்ள உரும்பிராயில் பதினொரு ஆண்டுகளாக மிளகாய்த்தூளும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் செய்து விற்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். வாய்ப்பு நிச்சயமாக உண்டு. ஆனால் மூலதனம் ஏன் கிடைப்பதில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெண் வெறுங்கையோடு நிற்பவள் அல்லள். வீட்டையும் காணியையும் சீதனமாக அவள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஊர் இது. ஆயினும், ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அரைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு நான் ஒரு வங்கிக்குப் போனபோது, அங்கிருந்த அலுவலர் என் கணக்குக் கொப்பியைத் திறந்தும் பார்க்கவில்லை, உறுதியைப் புரட்டிவிட்டு, "அக்கா, அண்ணை வரேல்லையோ?" என்றுதான் கேட்டார்.

என் கணவர் மறுநாள் வந்து ஒப்பமிட்டார். என்னோடு மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் தங்கச்சியின் கணவரோ 2009இல் காணாமற்போனவர். இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே, ஒருவர் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016இல் சட்டம் வழிசெய்தது; கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து அனுமதி பெற அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆனால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசையும், நீதிமன்றத் தவணைக்காக இழக்கும் நாட்கூலியையும், "அவர் இல்லை" என்று தன் கையால் எழுதிக் கொடுக்கும் வேதனையையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டும். அவள் இன்னும் மனுச்செய்யவில்லை. அதற்காக அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

இந்த இடைவெளிக்குள்தான் நுண்கடன் நுழைந்தது. உறுதி வேண்டாம், கணவர் வேண்டாம், சில பெண்கள் குழுவாகி ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். ஆனால் பனங்கொட்டையை ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் புதைத்தால் தையில்தான் கிழங்கு. அதைக் கிண்டி, அவித்து, வெயிலில் காயவைத்து, பொதிசெய்து விற்றுக் காசு கைக்கு வர மாசி, பங்குனியாகிவிடும். கடன் அறவிட வருபவரோ கடன் எடுத்த அடுத்த கிழமையே படலையில் நிற்பார். தொழிலின் வருமானம் எப்போது வரும் என்று கேளாமல் கொடுக்கும் கடன், அத்தொழிலையே விழுங்கிவிடும். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

வாய்ப்பு எங்கள் கைப்பக்குவத்திலேயே இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் திரும்பும்போது வறுத்த தூளை இரண்டு மூன்று கிலோவாகக் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுள் சிலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் என் நிலையான வாடிக்கையாளர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் செத்தல் மிளகாய் விலை ஏறி உள்ளூர் விற்பனை படுத்தபோது என்னைத் தாங்கியவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே, நீங்கள் தொடங்குவதானால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கைத் திறந்து, சிறிய வரவையும் அதிலேயே இடுங்கள். உணவுப் பொருளென்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் தேடிவருமுன் நீங்களே அழையுங்கள். இரண்டாவது இயந்திரத்துக்கு நான் கடன் கேட்டபோது காணி உறுதியைக் கொண்டுபோகவில்லை; மூன்று ஆண்டுக் கணக்குக் கூற்றைத்தான் மேசையில் வைத்தேன். கேட்ட தொகையில் பாதிதான் தந்தார்கள், ஆனால் அந்தப் படிவத்தில் விண்ணப்பதாரரின் ஒப்பமாக என் கையெழுத்து மட்டுமே இருந்தது.