டெஸ்க்டாப்பில் சாட் சர்வர்: மதியத்துக்கு மேல் ஏன் படுத்துக்கொள்கிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில், அலுவலகமும் ஃபேக்டரியும் சேர்த்து 22 பேர் கணினியில் வேலை செய்கிறோம். பையர் கொடுத்த விலை, ஆர்ட்வொர்க் எல்லாம் ஊழியர்களின் சொந்த வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் முதலாளிக்கு விருப்பமில்லை. சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப்பில் (விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம்) ஓப்பன்ஃபயர் என்ற சாட் சர்வர் மென்பொருளை நிறுவினேன். அந்தக் கணினியிலேயே ஸ்பார்க் என்ற சாட் செயலியைத் திறந்தால் உள்ளே போகிறது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு சர்வரே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அறுந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது? பழைய உரையாடல்களைச் சேமிக்கவும், வெளியூர் போனவர்கள் மொபைலில் பேசவும் வழி உண்டா?

பதில்: ஓப்பன்ஃபயர் மேல் குற்றம் இருப்பதாகத் தெரியவில்லை. 22 பேர் பேசிக்கொள்ள உங்கள் இயந்திரம் தாராளம். சிக்கல் என்னவென்றால், அந்தக் கணினி இன்னும் தன்னை ஒரு டெஸ்க்டாப் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. யாரும் தொடாவிட்டால் தூங்குகிறது, வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கிறது, ஐபி முகவரியையும் அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாக நிறுத்தவேண்டும்.

முதலில் பாதிப் பேருக்குக் கிடைக்காத விஷயம். கிடைக்காத ஒரு கணினியில் பவர்ஷெல் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு சர்வரின் ஐபி முகவரியையும் 5222 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். ஸ்பார்க் போன்ற செயலிகள் சர்வரைத் தட்டும் கதவு இந்த 5222தான். பிங் செய்து (கணினி பதில் தருகிறதா என்று) பார்த்து முடிவுக்கு வராதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல சமயம் பிங்கையும் மறைத்துவிடும். பிங் பதில் தராததால் சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பதில் தந்ததால் 5222 திறந்திருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

யாருக்குமே 5222 திறக்கவில்லை என்றால் ஃபயர்வால். சர்வர் கணினியின் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பிறகு விண்டோஸ் ஃபயர்வாலில் உள்வரும் இணைப்புக்கான விதியாக டிசிபி 5222, ஃபைல் பரிமாற்றத்துக்கு 7777 ஆகிய இரண்டை மட்டும் அனுமதியுங்கள். 9090, 9091 இரண்டும் நிர்வாகப் பக்கத்துக்கானவை. அவற்றைத் திறக்கவேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

சிலருக்குக் கிடைத்து, சிலருக்குக் கிடைக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு இதில்தான் அதிக சந்தேகம். ஃபேக்டரி பக்கம் சிக்னல் வரவில்லை என்று தனியாக ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி, அலுவலக கேபிளை அதன் வான் (இணையக் கேபிளுக்கான) போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா? இரண்டு ரவுட்டரும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுத்தால், ஃபேக்டரிக் கணினி சர்வரைத் தன் பக்கத்திலேயே தேடிவிட்டு ஓய்ந்துவிடும். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் எல்லோரும் ஒரே நெட்வொர்க்கில் வந்துவிடுவார்கள். இன்னொரு சாத்தியம், கிடைக்காதவர்கள் எல்லோரும் கெஸ்ட் வைஃபையில் இருப்பது. கெஸ்ட் வைஃபையின் வேலையே உள்ளே இருக்கும் கணினிகளைக் கண்ணில் காட்டாமல் இருப்பதுதான்.

அப்புறம் முகவரி. நேற்று வரை வந்தது, இன்று யாருக்கும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்திருக்கும். ரவுட்டரின் டிஹெச்சிபி (ஐபி வழங்கும்) பகுதியில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸுக்குள் போய்க் கையால் ஐபி எழுதுவதைவிட இது நல்லது. நாளைக்கு ரவுட்டர் பட்டியலைப் பார்ப்பவருக்கு அந்த முகவரி யாருடையது என்று தெரியும்.

ஐபியைவிட முக்கியமானது சர்வரின் டொமைன் பெயர். நிறுவும்போது வந்த பக்கத்தில் விண்டோஸ் தானாக வைத்த கணினிப் பெயரை அப்படியே விட்டிருந்தால், இப்போதே யோசியுங்கள். ஒவ்வொருவரின் சாட் முகவரியும், சர்வர் உண்மையானது என்று செயலிகளுக்குக் காட்டும் சான்றிதழும் அந்தப் பெயரை ஒட்டியே உருவாகின்றன. பின்னால் மாற்றுவது பெரிய தலைவலி. இன்னும் உரையாடல் எதுவும் சேராத நிலையில், அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவதே சுலபம் என்பேன். உங்கள் நிறுவன இணையதளத்தின் டொமைனுக்கு முன்னால் 'சாட்' என்று சேர்த்து ஒரு துணைப்பெயர் வையுங்கள். 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர் வேண்டாம். பிரின்டர், ஆப்பிள் கருவிகள் எல்லாம் ஒன்றையொன்று கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ் முறைக்கு அது ஒதுக்கப்பட்டது, இரண்டும் முட்டிக்கொள்ளும். துணைப்பெயர் எந்த ஐபி என்பதை ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியல்) பதியலாம். ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் ஸ்பார்க்கின் அட்வான்ஸ்டு பகுதியில் ஹோஸ்ட் என்ற இடத்தில் ஐபியை நேரடியாகக் கொடுத்தாலும் போதும்.

சரி, மதிய சாப்பாட்டுக்கு வருவோம். எல்லோரும் எழுந்து போனதும் அந்தக் கணினி தூங்கப் போகிறது, வேறொன்றும் இல்லை. பவர் அமைப்பில் ஸ்லீப் என்பதை 'நெவர்' ஆக்குங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டைத் திறந்து, மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுவார்கள். திரை அணைந்தால் அணையட்டும், அதில் நஷ்டமில்லை.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. ஓப்பன்ஃபயரை அதன் லாஞ்சர் ஜன்னல் வழியாக இயக்குகிறீர்களா? அப்படியானால் நீங்கள் லாக் ஆஃப் செய்தாலோ, யாராவது அந்த ஜன்னலை மூடினாலோ சர்வர் நின்றுவிடும். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ஓப்பன்ஃபயர் இருக்கிறதா, அதன் தொடக்க வகை 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸாக ஓடும்போது லாஞ்சரையும் சேர்த்துத் திறக்காதீர்கள். இரண்டும் ஒரே போர்ட்டுக்கும் ஒரே தரவுத்தளத்துக்கும் சண்டை போடும். அந்தக் கணினியில் டேலி போட்டுக்கொள்ளலாமா, பிரின்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வருபவர்களையும் திருப்பி அனுப்புங்கள். சாயங்காலம் கிளம்பும்போது பழக்கத்தில் ஷட் டவுன் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் இடைவெளிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும். ஆனால் ரவுட்டரும் ஸ்விட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கவேண்டும், மானிட்டர் வேண்டாம். பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற அமைப்பையும் போட்டுவையுங்கள். பழைய இயந்திரம் என்பதால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கரன்ட் போகும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போகும். சேமித்த செய்திகளின் தேதியும் நேரமும் தப்பாகப் பதியும். காரணம் தெரியாமல் மென்பொருளை மறுபடி மறுபடி நிறுவிக்கொண்டிருப்போம்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அந்த இயந்திரம் விண்டோஸ் 11 ஏற்காவிட்டால், எப்படியும் மறுபடி நிறுவப்போகிறீர்கள் என்பதால், டெபியன் லினக்ஸ் போட்டு அதில் ஓப்பன்ஃபயரை வைப்பதே என் பரிந்துரை. ஓப்பன்ஃபயர் ஜாவாவில் எழுதப்பட்டது, அங்கேயும் அதே நிர்வாகப் பக்கம்தான் வரும்.

நிர்வாகத்தில் முதல் வேலை கதவுகளைச் சாத்துவது. ரிஜிஸ்ட்ரேஷன் பக்கத்தில், செயலியிலிருந்தே யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கும் வசதியையும், பெயர் இல்லாமல் உள்ளே வரும் வசதியையும் நிறுத்துங்கள். 22 கணக்குகளையும் நீங்களே உருவாக்குங்கள். மற்ற நிறுவனங்களின் சர்வர்களோடு பேசும் வசதி (5269 போர்ட்) உங்களுக்குத் தேவையில்லை, அதையும் அணையுங்கள். பிறகு மெர்ச்சண்டைசிங், கட்டிங், பேக்கிங், டிஸ்பாட்ச் என்று குரூப்கள் போட்டு, ஒவ்வொரு குரூப்பிலும் தொடர்புப் பட்டியலைப் பகிரும் அமைப்பை இயக்குங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதல் முறை திறந்ததுமே எல்லோர் பெயரும் அவர் பட்டியலில் தயாராக இருக்கும். இதைச் செய்யாமல், 'ஒருத்தர் ஒருத்தரை ஆட் பண்ணிக்கோங்க' என்று விட்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

குழு உரையாடலுக்கு அறைகள். நிரந்தரம் என்ற டிக் போடாத அறை, கடைசி ஆள் வெளியேறியதும் மறைந்துவிடும். விலை பேசும் அறைக்கு 'உறுப்பினர் மட்டும்' என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஃப்லைனில் இருப்பவருக்கு வரும் செய்தியை சர்வர் பிடித்துவைத்துக் கொடுக்கும், அதற்கு ஒருவருக்கு 100 கேபி என்று தொடக்க வரம்பு இருக்கும். நீண்ட விடுப்பில் போகிறவர்கள் இருந்தால் கூட்டிவையுங்கள். ஆனால் இது காப்பகம் ஆகாது. பழையதைத் தேடிப் பார்க்க 'மானிட்டரிங் சர்வீஸ்' என்ற பிளக்இன்னை (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) நிறுவி, தனி உரையாடல், குழு உரையாடல் இரண்டுக்கும் பதிவை இயக்கவேண்டும். எத்தனை நாள் வைத்திருப்பது என்றும் அதிலேயே சொல்லலாம். இதை இயக்கும் முன்பு, இந்த சாட்டில் பேசுவது சேமிக்கப்படும் என்று ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்வது நியாயமில்லை. ஸ்பார்க் அவரவர் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் என்பதையும் முதலாளிக்குச் சொல்லிவையுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை உடனே அழிக்கவேண்டாம். அந்தக் கணக்குக்கு 'லாக் அவுட்' பூட்டுப் போட்டு, செஷன்ஸ் பக்கத்தில் அவர் திறந்துவைத்திருக்கும் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். கணக்கு கணக்காகவே இருக்கும், உள்ளே மட்டும் வரமுடியாது.

வெளியூரில் இருப்பவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து இந்த சர்வரை இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். 2023இல் ஓப்பன்ஃபயரின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு ஓட்டை வெளிவந்தது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்து, புதிய நிர்வாகக் கணக்கு உருவாக்கி, கெட்ட பிளக்இன்களை ஏற்றினார்கள். 2015இல் வந்த 3.10 பதிப்பிலிருந்தே அந்த ஓட்டை இருந்தது, 4.6.8, 4.7.5 பதிப்புகளில்தான் அடைத்தார்கள். நீங்கள் எங்கிருந்தோ பழைய நிறுவிக் கோப்பை எடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அதோடு, கான்ஃப் ஃபோல்டரில் உள்ள ஓப்பன்ஃபயர் எக்ஸ்எம்எல் கோப்பில் நிர்வாகப் பக்கத்தை 127.0.0.1இல் மட்டும் இயங்கும்படி எழுதிவிட்டால், அந்தக் கணினியில் உட்கார்ந்தால்தான் அதைத் திறக்கமுடியும்.

போர்ட் ஃபார்வர்டு செய்தாலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வேலை செய்யாது என்பது வேறு விஷயம். ரவுட்டரின் வெளி ஐபி 100.64இலிருந்து 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வரமுடியாது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இணையம் வழியாகத் தனிப் பாதை போடும் மென்பொருள்) இந்த நிலையிலும் இணைத்துக்கொடுக்கும். சர்வரிலும் வெளியே போகிறவர்களின் மொபைலிலும் அதை நிறுவுங்கள். மொபைலில் ஸ்பார்க் கிடையாது, ஆனால் ஓப்பன்ஃபயர் பேசும் எக்ஸ்எம்பிபி, 1999இல் ஜாபர் என்று தொடங்கிய திறந்த நெறிமுறை என்பதால் ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல் என எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விபிஎன் இணைப்பில் இருக்கும்போதுதான் சாட் வரும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் வரும்.

பேக்கப் எடுப்பது சுலபம். உள்ளேயே வரும் தரவுத்தளத்தைத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஓப்பன்ஃபயர் சர்வீஸை நிறுத்திவிட்டு, நிறுவிய ஃபோல்டரை முழுதாக வேறு கணினிக்கு நகலெடுங்கள். கணக்குகள், அமைப்புகள், சான்றிதழ் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்பவேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு இதைச் செய்யலாம். ஒரு முறையாவது அந்த நகலை வேறொரு கணினியில், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, ஓடவிட்டுப் பாருங்கள். காப்பகம் பெரிதாக வளரும் என்று தெரிந்தால் உள் தரவுத்தளத்தை விட்டு மரியாடிபி அல்லது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தனித் தரவுத்தள மென்பொருளுக்குப் போய்விடுங்கள். மறுபடி நிறுவப்போகிறீர்கள் என்றால் அந்த முடிவை எடுக்க இதுதான் சமயம்.